விடுதிப் பள்ளியா, பக்கத்துப் பள்ளியா? காது கேளாத பிள்ளைக்குப் பள்ளி தேடுகிறவர்களுக்கு

அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்புவதற்குள் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். அது பள்ளிச் சேர்க்கைக் காலம். இந்த வருஷம் வந்தவற்றில் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் கேட்டதும் சுற்றிச் சுற்றி இந்த மூன்றுக்குள்தான் வருகிறது.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஒரு அப்பா. பையனுக்கு நாலரை வயது. இரண்டரை வயதில் காக்ளியர் ஆபரேஷன், அதாவது காதுக்குள்ளே கேட்கும் கருவி வைக்கும் ஆபரேஷன், ஆகியிருக்கிறது. “சின்னச் சின்னதாப் பேசுறான் டீச்சர். எங்கம்மா, ஹாஸ்டல்ல கொண்டுபோய் விடு, அங்கதான் இந்த மாதிரிப் பிள்ளைக படிக்கும்னு சொல்லுது. வீட்ல மாட்டவே மாட்டேன்னு அழுகுது. நான் என்ன செய்ய?”

மேலூரிலிருந்து ஒரு அம்மா. மகள் பக்கத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்திருக்கிறாள். இரண்டு காதிலும் மிஷின். “நோட்டுப் பூரா அச்சடிச்ச மாதிரி எழுதி வச்சிருக்கா டீச்சர். இதுல என்ன எழுதியிருக்குன்னு கேட்டா என் முகத்தையே பாக்குறா.”

செல்லூரிலிருந்து ஓர் இளம் தம்பதி. பிள்ளைக்குப் பதினான்கு மாதம். போன வாரம்தான் பெரா டெஸ்ட் எடுத்து, இரண்டு காதும் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். மனைவி பேசவே இல்லை. கணவர் கேட்டது ஒன்றுதான்: “எந்த ஸ்கூல்ல சேக்குறதுன்னு இப்பவே முடிவு பண்ணணுங்களா மேடம்?”

நான் தென்மாவட்டத்துக் காது கேளாதோர் பள்ளி ஒன்றில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதனால் சிறப்புப் பள்ளிப் பக்கம் சாய்ந்து பேசுவேன் என்று நீங்கள் நினைத்தால் பாதி சரி. மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன்: வகுப்பில் பிள்ளைகள் கையை அசைத்துப் பேசினால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்ன டீச்சர்களில் நானும் ஒருத்தி. அந்தப் பள்ளிகள் கொடுத்ததும் எனக்குத் தெரியும், கெடுத்ததும் தெரியும்.

## பள்ளிக்கு முன் பிள்ளையை அளப்பது

எந்தப் பள்ளி நல்ல பள்ளி என்று கேட்பதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து ஐந்து விஷயங்களுக்குப் பதில் தேட வேண்டும்.

முதலாவது, பிள்ளையிடம் இப்போது மொழி இருக்கிறதா? பேச்சு வேறு, மொழி வேறு. ‘அம்மா’, ‘பால்’, ‘பஸ்’ என்று முப்பது வார்த்தை சொன்னாலே வீட்டில் சந்தோஷம் பொங்கிவிடும். நான் வைக்கும் சோதனை வேறு. கண்முன் இல்லாத ஒன்றைப் பற்றிப் பிள்ளையால் சொல்ல முடிகிறதா? ‘நேத்து அப்பத்தா வீட்டுல நாய் தொரத்துச்சு, நான் ஓடிட்டேன்’ என்பதை வாயாலோ கையாலோ உங்களுக்கு விளங்க வைத்துவிட்டால் அங்கே மொழி இருக்கிறது. விளங்க வைக்க முடியாமல் உங்கள் கையைப் பிடித்து இழுத்து அழுதால் இன்னும் இல்லை. ஐந்தாறு வயதுவரை எந்த மொழியும் உள்ளே போகாமல் வந்த பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். ‘ஏன்’ என்ற ஒரு கேள்வியைப் புரிய வைக்க ஒரு வருஷம் ஆன பிள்ளைகள் உண்டு.

இரண்டாவது, மிஷினைப் போட்ட பிறகு எவ்வளவு கேட்கிறது? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர் என்றும், 60 முதல் 70 வரை என்றால் கேட்கச் சிரமப்படுபவர் என்றும் வகுத்திருக்கிறது. அந்தக் கணக்கு சான்றிதழுக்கு. பள்ளிக்கு வேண்டியது, கருவியோடு எடுத்த ஆடியோகிராம், அதாவது எவ்வளவு சத்தம் கேட்கிறது என்று காட்டும் வரைபடம். அதை எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்காமல் தரமாட்டார்கள்.

இதில் நம் தமிழுக்கே உள்ள சங்கடம் ஒன்று உண்டு. ‘மணி’, ‘பணி’ இரண்டையும் கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள், உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். ‘காக்கா’ என்றால் எல்லாமே தொண்டையில் நடக்கிறது, உதட்டில் படிக்க ஒன்றுமில்லை. ஆக, ‘வாயைப் பாத்துப் புரிஞ்சுக்குவான்’ என்பதில் பாதி ஊகம்தான். அதைவிடப் பெரிய சங்கடம், நம் மொழியில் அர்த்தம் வார்த்தையின் வாலில் இருக்கிறது. ‘அண்ணன் அடிச்சான்’, ‘அண்ணன அடிச்சான்’. அந்தக் கடைசி ஒலி காதில் விழாத பிள்ளைக்கு அடித்தவனும் அடிவாங்கினவனும் இடம் மாறிப்போகிறார்கள். ‘அம்மா கடை போ’ என்று வேற்றுமை உருபே இல்லாமல் பத்தாம் வகுப்புவரை எழுதும் பிள்ளைகளை மந்தம் என்று திட்டாதீர்கள். கேட்காததை எப்படி எழுதுவார்கள்?

மூன்றாவது, வீட்டில் பிள்ளையோடு தினமும் இரண்டு மணி நேரம் முகம் பார்த்துப் பேச ஆள் உண்டா? அம்மாவாக இருக்க வேண்டியதில்லை. அப்பத்தா, சித்தி, அக்கா யாராகவும் இருக்கலாம். ஆனால் ஆள் வேண்டும்.

நான்காவது, தூரம். பேரையூரிலிருந்து வாரம் மூன்று நாள் மதுரைக்கு வந்துபோவது காகிதத்தில் எளிது.

ஐந்தாவது, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு என்ன? நம் மதுரைப் பெண் ஜெர்லின் அனிகா 2022-இல் பிரேசிலில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் பேட்மின்டனில் 3 தங்கம் வாங்கி, அர்ஜுனா விருதும் பெற்றார். அதிலிருந்து எனக்கு வரும் போன்களில் அந்தப் பெயர் அடிக்கடி வருகிறது. நல்லதுதான். ஆனால் ஒரு பிள்ளையைப் பார்த்து இன்னொரு பிள்ளைக்கு வழி சொல்ல முடியாது. பொதுவாக இருக்கும் வழிகள்: சென்னை மாநிலக் கல்லூரியிலும் அடையாறு செயின்ட் லூயிஸிலும் செவித்திறன் குறைந்தவர்களுக்கென்றே பட்டப்படிப்பு உண்டு. திருவனந்தபுரத்தில் காது கேளாதவர்களுக்குப் பட்டப்படிப்பு நடத்தும் நிஷ் நிறுவனம் இருக்கிறது. உயர்கல்வியில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீத இடமும், அரசு வேலையில் உள்ள 4 சதவீதத்தில் 1 சதவீதம் கேட்புக் குறை உள்ளவர்களுக்கும் ஒதுக்கீடு. இவற்றுக்கெல்லாம் படித்துப் புரிந்துகொள்ளும் திறன் வேண்டும். முத்து முத்தான கையெழுத்து போதாது.

## விடுதியோடு சேர்ந்த சிறப்புப் பள்ளி

தெற்கில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. பாளையங்கோட்டையில் ஃபுளோரன்ஸ் சுவைன்சன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது. காது கேட்காத பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார்த்தி வைத்திருந்த காலத்தில், அவர்களுக்கும் பலகையும் பல்பமும் கொடுக்கலாம் என்று காட்டியது இந்த மாதிரிப் பள்ளிகள்தான்.

இங்கே கிடைக்கும் பெரிய சொத்து பாடம் இல்லை, கூட்டாளிகள். ஊரில் யாரோடும் பேசாத பிள்ளை, விடுதியில் சேர்ந்த மூன்றாம் மாதம் ராத்திரி விளக்கணைத்த பிறகும் ஜன்னல் வெளிச்சத்தில் கையால் கதை பேசிக்கொண்டிருக்கும். நாங்கள் பகலில் அதட்டி நிறுத்திய மொழியைப் பெரிய பிள்ளைகள் ராத்திரியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 1880-இல் மிலான் நகரில் கூடிய மாநாடு, காது கேளாதோர் கல்வியில் சைகை கூடாது, வாய்ப்பேச்சே போதும் என்று தீர்மானம் போட்டது. அதன் நிழல் எங்கள் வகுப்பறைவரை நீண்டிருந்தது. 2010-இல் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டுத் தொடரின் கூட்டம் அந்தத் தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவித்தது. எனக்கு அந்தச் செய்தி தெரிய வந்தபோது கையைக் கட்ட வைத்த பிள்ளைகளில் பலருக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.

மற்ற நன்மைகள் தெரிந்தவைதான்: சின்ன வகுப்பு, இதற்கென்றே படித்த ஆசிரியர், பெரும்பாலும் இலவசத் தங்குமிடமும் சாப்பாடும், தையல், கணினி போன்ற தொழிற்பயிற்சி.

மறைந்திருக்கும் விலை வேறு. முதலாவது வீட்டோடு அறுந்துபோகிற பேச்சு. பிள்ளை விடுதியில் சைகை மொழியில் சரளமாகிவிடும். அப்பா அம்மாவுக்கு ‘சாப்பிடு’, ‘தூங்கு’, ‘வா’ தவிர ஒன்றும் தெரியாது. தீபாவளி லீவுக்கு வீட்டுக்கு வந்த பிள்ளை நான்காம் நாளே பள்ளிக்குப் போகிறேன் என்று பையைக் கட்டும். பெற்றவர்கள் அதைப் படிப்பில் ஆர்வம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

இரண்டாவது, கருவி. ஆபரேஷன் செய்த பிள்ளையை அனுப்பினால் அதன் காயில் (தலையில் ஒட்டிக்கொள்ளும் வட்டத் துண்டு), வயர், பேட்டரியை யார் பார்ப்பார்கள்? அறுபது பிள்ளைக்கு ஒரு வார்டன் இருக்கும் இடத்தில் வயர் அறுந்தால் அடுத்த லீவுவரை அறுந்தே கிடக்கும். யாரும் வாயால் பேசாத விடுதியில், காக்ளியர் வழியாகக் கேட்கப் பழகிக்கொண்டிருந்த பிள்ளை அந்தப் பழக்கத்தை இழக்கவும் கூடும்.

மூன்றாவது, பாட வேகம். பொதுத்தேர்வில் ஒரு மொழித்தாளிலிருந்து விலக்கும் கூடுதலாக ஒரு மணி நேரமும் உண்டு. விலக்கு நல்லதுதான். அதற்காகச் சின்ன வகுப்பிலிருந்தே ஆங்கிலத்தைக் கைகழுவிவிடும் பள்ளிகள் உண்டு. கல்லூரியிலும் கணினியிலும் அதன் வலி தெரியும்.

நான்காவதைக் கேட்கப் பெற்றோர் கூச்சப்படுகிறார்கள். நான் கூச்சப்படாமல் சொல்கிறேன். விடுதியில் இரவில் யார் இருக்கிறார்கள், பெண்பிள்ளைகளுக்குப் பெண் வார்டன் உண்டா, தனக்கு நடந்ததைச் சொல்ல மொழி இல்லாத பிள்ளை யாரிடம் எப்படிச் சொல்லும்? இதற்கு நேரடியான பதில் வராத பள்ளியில் விடாதீர்கள்.

எப்போது இதுவே சிறந்தது? எட்டு ஒன்பது வயதாகியும் எந்த மொழியும் வராத பிள்ளை. கருவியால் பெரிய பலன் இல்லாத பிள்ளை. அப்பா அம்மா இருவரும் திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்ட வீடு. பெற்றோரே காது கேளாதவர்களாக இருந்தால் கணக்கு முற்றிலும் மாறும். அந்தப் பிள்ளைக்கு வீட்டிலேயே சைகை மொழி கிடைக்கிறது, பள்ளி வெறும் பள்ளியாக இருந்தால் போதும்.

## பக்கத்துப் பொதுப்பள்ளி

சட்டம் தெளிவு. 6 முதல் 18 வயதுவரை, 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடு சான்றளிக்கப்பட்ட பிள்ளைக்கு, பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ தன் விருப்பப்படி இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. ‘இங்கே இந்த மாதிரிப் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை’ என்று தலைமையாசிரியர் சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதோடு பேச்சு மாறிவிடும்.

வீட்டுச் சாப்பாடு, தெருப் பிள்ளைகளின் சகவாசம், அண்ணன் தங்கையோடு ஒரே பள்ளி, கைச்செலவும் குறைவு. கருவியோடு நன்றாகக் கேட்கிற, வயதுக்கு ஓரளவு ஈடான மொழி உள்ள பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் வகுப்பறையை ஒருமுறை காது மிஷினின் காதால் கேட்டுப் பாருங்கள். பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் இடைவெளி இருமடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் நின்று பேசும் டீச்சர் நான்கு மீட்டர் தள்ளிப்போனால் 12 டெசிபல் போய்விட்டது. மேலே ஓட்டைக் காற்றாடி, பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு, செல்லூராக இருந்தால் தெருவில் தறிச் சத்தம். மிஷின் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பெருக்கித் தருகிறது. டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பேசினால் உதடும் இல்லை. டீச்சர் மாட்டிக்கொள்ளும் மைக்கோடு இணைகிற எஃப்.எம். கருவி இதில் பாதியைத் தீர்க்கும். அது இருக்கிற அரசுப் பள்ளியை நான் பார்த்ததில்லை.

இந்தப் பள்ளிகளில் உருவாகிறவர்கள்தான் ‘காப்பிப் பிள்ளைகள்’. சத்தம் போடமாட்டார்கள், சேட்டை கிடையாது, பலகையில் உள்ளதை ஒரு புள்ளி விடாமல் எழுதுவார்கள். டீச்சருக்கு மிகப் பிடிக்கும். எட்டாம் வகுப்புவரை எல்லோரும் பாஸ் என்பதால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஒன்பதாம் வகுப்பில்தான் குட்டு உடையும். அப்போது பிள்ளைக்குப் பதினான்கு வயது.

வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வருவார் என்பார்கள். வருவார். ஆனால் வட்டாரம் முழுவதும், எல்லா வகைக் குறைபாடுள்ள பிள்ளைகளையும் அவர்தான் பார்க்க வேண்டும். உங்கள் பிள்ளைக்கு எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம் என்று கேட்டுக் குறித்துவையுங்கள்.

தமிழ் படிப்பதில் இன்னொரு சிக்கல். வீட்டில் ‘வந்துச்சு’, புத்தகத்தில் ‘வந்தது’. காது கேட்கும் பிள்ளை இந்த இரண்டு தமிழையும் டிவியிலும் மேடையிலும் பாட்டிலும் கேட்டே பிடித்துக்கொள்கிறது. கேளாத பிள்ளைக்கு இது இரண்டு மொழி. வாத்தியார் நடத்தினால் தவிர இரண்டாவது வரப்போவதில்லை. இதைச் சிறப்புப் பள்ளியில் தெரிந்து நடத்துவார்கள். பொதுப்பள்ளியில் இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

பணம் செலவில்லை என்று தோன்றினாலும் மாலையில் அத்தனை பாடத்தையும் மறுபடி நடத்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் அம்மா. அவருடைய வேலை, தூக்கம், இரண்டாவது பிள்ளை மேல் வைக்கும் கவனம் எல்லாம் இந்தக் கணக்கில் எழுதப்படாத செலவு.

## தனியார் ஆங்கிலவழிப் பள்ளி

வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் தவிர மற்றவர்களுக்கு வேண்டாம். ஒரு மொழிக்கே தவிக்கிற பிள்ளைமேல் இன்னொன்றை ஏற்றி, அதற்கு ஃபீஸும் கட்டுவானேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை டை கட்டிப் போகிறது என்பதற்காக இதைச் செய்தவர்கள் திரும்பி வந்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

## நகரத்தில் பகல்நேரச் சிறப்புப் பள்ளி

மதுரைக்குள் இருப்பவர்களுக்கு நல்ல நடுவழி. பகலில் கூட்டாளிகளும் பயிற்சி பெற்ற ஆசிரியரும், மாலையில் வீடு. வெளியூர்க்காரர்கள் இதற்காக மதுரையில் வீடு பிடித்து அம்மாவும் பிள்ளையும் இங்கே, அப்பா ஊரில் என்று பிரிந்து இருக்கிறார்கள். வாடகையை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். ஊரில் தனியாக இருக்கும் மனிதரையும் எடுங்கள்.

## முதலில் பயிற்சி மையம், பிறகு பள்ளி

என்னைக் கேட்டால் நான் சாய்வது இந்தப் பக்கம். பிறந்து ஒரு மாதத்துக்குள் கேட்புச் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது உலகம் முழுக்க வைத்திருக்கும் கணக்கு. நம் பக்கத்தில் ‘அவங்க தாத்தாவும் லேட்டாத்தான் பேசினாரு’ என்று இரண்டு வயதுவரை போய்விடுகிறது. போனது போகட்டும். ஐந்து வயதுக்குள் இருக்கிற எந்தப் பிள்ளைக்கும் முதல் பள்ளி, செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கான ஆரம்பநிலைப் பயிற்சி மையம்தான்.

சென்னையில் பால வித்யாலயா 1969 முதல் இதைச் செய்கிறது. சின்ன வயதிலேயே பிள்ளையை எடுத்து, அம்மாவையும் கூடவே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்து, மொழி வந்ததும் பொதுப்பள்ளிக்கு அனுப்பிவிடுவது. இதில் சூட்சுமம், பயிற்சி பிள்ளைக்கு இல்லை, அம்மாவுக்கு. வாரத்தில் மூன்று மணி நேரம் தெரபிஸ்ட் பேசுவதைவிட, மீதி நேரமெல்லாம் வெங்காயம் உரிக்கும்போதும் துணி காயப்போடும்போதும் முகம் பார்த்துப் பேசுகிறவர்தான் மொழியைக் கொடுக்கிறார்.

காக்ளியர் ஆபரேஷன் இங்கேதான் வருகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் செய்கிறார்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் நடக்கிறது. ஆபரேஷன் முடிந்ததும் பேசிவிடும் என்ற நினைப்பு மட்டும் வேண்டாம். கருவியை முடுக்கிவிடும் அன்றுதான் பிள்ளையின் காதுக்குப் பிறந்தநாள். இரண்டரை வயதில் ஆபரேஷன் ஆன பிள்ளைக்கு நாலரை வயதில் கேட்கும் வயது இரண்டு. இரண்டு வயதுப் பிள்ளையிடம் எதை எதிர்பார்ப்பீர்களோ அதைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

மறைமுகச் செலவு இதில் நிறைய. உள்ளே வைத்தது இலவசம் என்றாலும் வெளியே மாட்டும் பகுதிக்கு வாரண்டி முடிந்தபின் வயர், காயில், பேட்டரி எல்லாம் உங்கள் கைக்காசு. அந்தப் பகுதியே சில ஆண்டுகளில் பழசாகிவிடும். உள்ளே காந்தம் இருப்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அம்மாவின் கூலியும் போகும். ‘தினமும் டவுனுக்கு என்ன வேலை’ என்று கேட்கும் மாமியாருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

கையால் பேசினால் வாய் வராது என்று மையத்தில் சிலர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் மாதங்களில் பிள்ளையை மொழியே இல்லாமல் வைத்திருப்பதைவிட, கையும் வாயும் சேர்த்துப் பேசுவது மேல் என்பது என் இப்போதைய முடிவு. கருவி பலன் தராமல் போனாலும் கையில் ஒரு மொழி மிச்சம் இருக்கும்.

| வழி | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு ஏற்றது | எப்போது மாற்றிக்கொள்வது |
|---|---|---|---|
| விடுதிச் சிறப்புப் பள்ளி | வீட்டோடு பேச்சு அறுவது, கருவிப் பராமரிப்பு, ஆங்கிலம் | மொழி வராத பெரிய பிள்ளை, கருவி பலன் தராத பிள்ளை | வாசிப்பு நன்றாக வந்துவிட்டால் மேல்நிலையில் யோசிக்கலாம் |
| பக்கத்துப் பொதுப்பள்ளி | மாலை முழுக்க வீட்டுப் பாடம், தனிமை | கருவியோடு நன்றாகக் கேட்டு, நடந்ததைச் சொல்லத் தெரிந்த பிள்ளை | மூன்றாம் வகுப்பில் படித்த கதையைச் சொல்ல முடியாவிட்டால் |
| பகல்நேரச் சிறப்புப் பள்ளி | வாடகை, பிரிந்த குடும்பம் | நகரவாசிகள் | மொழி வந்ததும் |
| பயிற்சி மையம் | அம்மாவின் வேலை, பஸ், கருவி உதிரிகள் | ஐந்து வயதுக்குட்பட்ட எல்லோரும் | ஐந்து ஐந்தரை வயதில் |

## பத்து வருஷம் கழித்துச் சிறப்புப் பள்ளி இருக்குமா?

பள்ளியே மூடப்போகிறது, அங்கே போய்ச் சேர்ப்பதா என்று கேட்கிறார்கள். பயம் வெறும் பயம் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஒன்றாம் வகுப்புக்கு இரண்டு பிரிவு. ஓய்வு பெறும்போது ஒரு பிரிவே நிரம்பவில்லை. சின்னக் குடும்பம், சொந்தத்தில் கட்டுவது ஓரளவு குறைந்தது, 2017-இல் தமிழ்நாட்டில் போட ஆரம்பித்த தட்டம்மை ரூபெல்லா ஊசி (கர்ப்பத்தில் ரூபெல்லா வந்தால் பிள்ளையின் காது போகலாம்), காக்ளியர், பக்கத்துப் பள்ளியிலேயே சேர்க்கலாம் என்ற சட்டம் என்று காரணம் பல. எல்லாமே நல்ல காரணங்கள்.

கெட்டது வேறிடத்தில் நடக்கிறது. நன்றாகக் கேட்கிற பிள்ளைகள் நேராகப் பொதுப்பள்ளிக்குப் போகிறார்கள். அங்கே தோற்றவர்கள் ஆறிலும் ஒன்பதிலும் டி.சி. வாங்கிக்கொண்டு சிறப்புப் பள்ளிக்கு வருகிறார்கள். மொழி வளர்கிற வயதெல்லாம் கடந்து வந்த பிள்ளையை வைத்துக்கொண்டு நாங்கள் பாஸ் போட முடியாமல் திணறினால், ‘சிறப்புப் பள்ளியில் படிப்பு சரியில்லை’ என்று அடுத்தவர் இன்னும் தள்ளிப்போடுகிறார். முதலில் போயிருக்க வேண்டிய இடத்துக்குக் கடைசியில் போகிறோம்.

இதற்கிடையில் சைகை மொழிக்கு அந்தக் காலத்தில் இல்லாத மரியாதை வந்திருக்கிறது. 2015-இல் டெல்லியில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் வந்தது. 2020-இல் மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி.யோடு பாடநூல்களைச் சைகை மொழியில் ஆக்க ஒப்பந்தம் ஆனது. 2024 டிசம்பரில் மத்திய அரசின் கல்வித் தொலைக்காட்சியான பி.எம். இ-வித்யாவின் 31-ஆவது அலைவரிசை இதற்கென்றே தொடங்கியது. படிப்பு ஒருநாள் செல்போனிலேயே கிடைக்கலாம். ராத்திரி ஜன்னல் வெளிச்சத்தில் கதை பேச ஆள் செல்போனில் கிடைக்குமா என்று தெரியவில்லை. மூடாமல் மிஞ்சும் சிறப்புப் பள்ளிகள் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி மையமாகவும், பக்கத்து ஊர்ப் பொதுப்பள்ளிகளுக்கு ஆசிரியர் அனுப்பும் இடமாகவும், மேல்நிலை வகுப்புக்கு விடுதியாகவும் மாறினால் பிழைக்கும். பத்து வருஷக் கணக்கை அரசும் நிர்வாகமும் போடட்டும். உங்கள் பிள்ளைக்கு வேண்டியது அடுத்த மூன்று வருஷத்துக் கணக்கு.

## மூவருக்கும் நான் சொன்னது

செல்லூர்த் தம்பதிக்கு: பள்ளியைப் பற்றி நான்கு வருஷம் யோசிக்க வேண்டாம். இந்த வாரமே மிஷின், அடுத்து மையம், கூடவே காக்ளியருக்கான பரிசோதனை, மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அடையாள அட்டை. தறிச் சத்தம் குறைந்த அறை ஒன்றைப் பிள்ளையோடு பேசுவதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

உசிலம்பட்டி அப்பாவுக்கு: விடுதி வேண்டாம், உங்கள் வீட்டம்மா சொல்வது சரி. ஆனால் இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பும் வேண்டாம். கேட்கும் வயது இரண்டுதான் ஆகிறது. மையத்தில் இன்னும் ஒரு வருஷம். பிறகு உள்ளூர்ப் பள்ளியில் தமிழ்வழி, முதல் வரிசை, மூன்றாம் வகுப்பில் மறுபரிசீலனை. உங்கள் அம்மாவிடம், பேரனோடு தினமும் பேசும் வேலையை ஒப்படையுங்கள். ஹாஸ்டல் பேச்சு தானாக நின்றுவிடும்.

மேலூர் அம்மாவுக்குத்தான் சொல்லச் சங்கடமாக இருந்தது. இந்த ஜூனிலேயே சிறப்புப் பள்ளிக்கு மாற்றுங்கள், ஒன்பதாம் வகுப்புவரை காத்திருக்காதீர்கள் என்றேன். ஒரு வகுப்பு கீழே இறக்கிச் சேர்ப்பார்கள் என்றதும் அவர் குரல் மாறிவிட்டது. “சொந்தக்காரங்க கேப்பாங்களே டீச்சர்.” கேட்பார்கள்தான். சேர்க்க வேண்டாம், சும்மா ஒருநாள் மகளைக் கூட்டிக்கொண்டு போய் மத்தியான இடைவேளையில் அந்தப் பிள்ளைகள் நடுவே விட்டுவிட்டு ஓரமாக நில்லுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

போய்வந்து போன் செய்தார். பஸ் ஏறியதிலிருந்து மாட்டுத்தாவணி வரும்வரை மகள் கையை ஆட்டிக்கொண்டே வந்தாளாம். “என்னமோ கேட்டுக்கிட்டே வர்றா டீச்சர். எனக்குத்தான் ஒண்ணும் வெளங்கல. அதை நான் எங்க போய்ப் படிக்கிறது?”

சனிக்கிழமை இருவரையும் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.